பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம்: அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகளுக்கு அங்கே எல்லை எது?

2025 ஜனவரி 20 அன்று, டொனால்ட் டிரம்ப் இரண்டாம் முறையாகக் குடியரசுத் தலைவர் பதவியேற்ற அதே நாளில், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தற்காலிகச் செயலாளர் பெஞ்சமின் ஹஃப்மன் ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்திட்டார். பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம் போன்ற இடங்களில் குடியேற்றக் கைதுகளைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்று 2021 முதல் இருந்துவந்த வழிகாட்டுதலை அது நீக்கியது. குற்றவாளிகள் இனிப் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் ஒளிந்துகொள்ள முடியாது என்று அரசு அறிவித்தது. வகுப்பறைக்குள்ளேயே வந்து பிடித்துச் செல்வார்கள் என்று குடியேறியோர் குடும்பங்கள் அஞ்சின. இந்தப் பெருமிதமும் அந்த அச்சமும் ஒரே எண்ணத்தின் மேல் நின்றன: அதுவரை அந்த இடங்களைச் சட்டம் காத்துவந்தது, அன்றோடு அந்தச் சட்டம் போய்விட்டது என்பதே அது. உண்மையில் அன்று நீங்கியது மேலதிகாரிகள் தம் ஊழியர்களுக்குத் தந்திருந்த ஓர் அறிவுறுத்தல் மட்டுமே. சட்டம் என்று சொல்லத்தக்க எல்லைகள் வேறு இடங்களில் இருக்கின்றன. அவை அன்றைய கையெழுத்தால் அழியவில்லை; ஆனால் பலர் நினைப்பதைவிடக் குறுகலானவை.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. அமெரிக்கச் சட்டத்தில் எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடப்பதும், நாடு கடத்தப்பட்ட பின் அனுமதியின்றித் திரும்பி வருவதும் குற்றங்கள். ஆனால் விசாக் காலம் முடிந்த பிறகும் தங்கிவிடுவது தன்னளவில் குற்றமன்று, உரிமையியல் மீறல். ஆகவே ஒருவரை நாட்டைவிட்டு வெளியேற்றும் விசாரணை குற்றவியல் நீதிமன்றத்தில் நடப்பதில்லை. நீதித் துறை அமைச்சகத்தின் ஊழியர்களான குடியேற்ற நீதிபதிகள் முன்னிலையில் நடக்கிறது. அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைப்பதும் இல்லை. நாட்டின் உட்பகுதியில் கைது செய்யும் பொறுப்பு ஐ.சி.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடியேற்ற, சுங்க அமலாக்க முகமையுடையது. எல்லைகளில் அந்தப் பணியைச் செய்யும் படை வேறு. இரண்டும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருபவை. நடவடிக்கை உரிமையியல் சார்ந்தது என்பதால், கைது செய்ய வரும் அதிகாரி நீதிபதி ஒருவரிடம் போய் ஆணை பெற்று வருவது வழக்கமில்லை. பின்னால் வரப்போகும் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கிருந்தே கிளைக்கின்றன.

சுற்றறிக்கையில் பிறந்த பாதுகாப்பு

1980களில் எல் சால்வடார், குவாத்தமாலா நாடுகளின் உள்நாட்டுப் போர்களிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரிலிருந்த சவுத்சைடு பிரெஸ்பிட்டேரியன் தேவாலயம் வெளிப்படையாகப் புகலிடம் தந்தது. அரசு அந்த வட்டாரத் தேவாலயங்களின் வழிபாட்டுக் கூட்டங்களுக்குள் ஒற்றர்களை அனுப்பி, உடையில் மறைத்த கருவிகளால் பேச்சுகளைப் பதிவு செய்தது. அந்தத் தேவாலயத்தின் போதகர் ஜான் ஃபைஃபும் அவருடன் செயல்பட்ட சிலரும் 1986இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டனர். மறுபுறம், ஒற்றர்களின் வரவால் மக்கள் வழிபாட்டுக்கு வர அஞ்சினர் என்ற காரணத்துக்காகத் தேவாலயங்கள் அரசின் மீது வழக்குத் தொடரலாம் என்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989இல் ஏற்றுக்கொண்டது. தேவாலயத்தில் நுழைந்துவிட்டால் யாரும் தொடமுடியாது என்ற கருத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதும், வழிபடுவோரின் உரிமை என்று ஒன்று உண்டு என்பதும் அப்போதே தெளிவாகிவிட்டன.

1993இல் அன்றைய குடியேற்றத் துறை, பள்ளிகளிலும் வழிபாட்டிடங்களிலும் இறுதிச் சடங்குகளிலும் நடவடிக்கை எடுப்பதைப் பற்றித் தன் அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பாணை அனுப்பியது. அதன் வழியில் வந்ததுதான் ஐ.சி.இ. இயக்குநர் ஜான் மார்ட்டன் 2011 அக்டோபரில் வெளியிட்ட புகழ்பெற்ற சுற்றறிக்கை. பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம், திருமணமோ இறுதிச் சடங்கோ நடக்கும் இடம், ஊர்வலமும் ஆர்ப்பாட்டமும் நடக்கும் இடம் ஆகியவற்றை 'நுண்ணுணர்வுக்குரிய இடங்கள்' என்று அது வகைப்படுத்தியது. 2021 அக்டோபரில் அன்றைய செயலாளர் அலெஹாண்ட்ரோ மயோர்கஸ் அந்தப் பட்டியலை நீட்டி, விளையாட்டுத் திடல், குழந்தைகள் காப்பகம், பள்ளிப் பேருந்து நிறுத்தம், ஆதரவற்றோர் விடுதி, இலவச உணவு வழங்கும் இடம், பேரிடர் நிவாரண முகாம் ஆகியவற்றையும் அவற்றின் அண்மைப் பகுதிகளையும் சேர்த்தார்.

இந்தச் சுற்றறிக்கைகள் எதுவுமே கைதுக்கு முழுத் தடை விதிக்கவில்லை. 'கூடியவரை தவிர்க்க வேண்டும்' என்பதே அவற்றின் குரல். தேசப் பாதுகாப்பு, உயிருக்கு உடனடி ஆபத்து, ஆபத்தானவரைத் துரத்திச் செல்லும் நிலை, சாட்சியம் அழிந்துவிடும் சூழல் போன்றவை விலக்குகள். அதைவிட முக்கியமானது இறுதிப் பத்தி: இந்த ஆவணம் எவருக்கும் நீதிமன்றத்தில் கோரத்தக்க உரிமை எதையும் உருவாக்கவில்லை என்று அது வெளிப்படையாகவே சொல்லிவிடும். அரசு முகமை தன் விதிகளைத் தானே மீறக் கூடாது என்று 1954ஆம் ஆண்டின் அக்கார்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதுண்டு. ஆனால் முறைப்படி இயற்றப்பட்ட விதிக்கு இருக்கும் அந்தப் பலத்தை, 'உரிமை தரவில்லை' என்று தானே அறிவித்துக்கொள்ளும் உள் வழிகாட்டுதலுக்குக் கேட்டுப் பெறுவது கடினம்.

அந்த மென்மை எப்படிப்பட்டது என்பதை 2017ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. இரண்டும் நடந்தபோது 2011இன் கொள்கையும், எல்லைக் காவலுக்கென அதையொட்டி 2013இல் வந்த கொள்கையும் நடைமுறையில் இருந்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில் வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவில், கடுங்குளிர் இரவில் ஒரு தேவாலயம் நடத்திய தங்குமிடத்தில் உறங்கிவிட்டுக் காலையில் வெளியே வந்தவர்களை, தெருவின் எதிர்ப்புறத்தில் காத்திருந்த ஐ.சி.இ. அதிகாரிகள் கைது செய்தனர். தேவாலயத்துக்குள் யாரும் நுழையவில்லை. அக்டோபரில் டெக்சாஸில், மூளை முடக்குவாதம் கொண்ட பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அவசர அறுவை சிகிச்சைக்காக லரேடோவிலிருந்து கார்பஸ் கிறிஸ்டிக்கு ஆம்புலன்சில் சென்றபோது, வழியிலுள்ள சோதனைச் சாவடியில் அவளிடம் உரிய ஆவணம் இல்லை என்று கண்ட எல்லைக் காவலர்கள் மருத்துவமனை வரை பின்தொடர்ந்து, அவளுடைய அறைக்கு வெளியே காத்திருந்து, சிகிச்சை முடிந்ததும் தம் காவலில் எடுத்துக்கொண்டனர். சுற்றறிக்கையின் சொற்களை வைத்து இரண்டையும் நியாயப்படுத்த வழி இருந்தது. எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டே அதன் நோக்கத்தைக் கைவிட முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஹஃப்மனின் சுற்றறிக்கை புதிய பட்டியல் எதையும் தரவில்லை. திட்டவட்டமான கோடுகள் தேவையில்லை, அதிகாரிகள் தம் பகுத்தறிவைப் பயன்படுத்தட்டும் என்றது. சில நாட்களில் ஐ.சி.இ. வெளியிட்ட தனிக் குறிப்பு, ஒவ்வொரு நிகழ்விலும் முடிவெடுக்கும் பொறுப்பைக் களத்து மேற்பார்வையாளர்களிடம் விட்டது.

கதவும் வாரண்டும்

அரசமைப்புச் சட்டத்தின் நான்காவது திருத்தம், காரணமற்ற சோதனையிலிருந்தும் கைதிலிருந்தும் மக்களைக் காக்கிறது. குடிமக்களை மட்டுமல்லாமல் மக்கள் அனைவரையும் அது குறிப்பதால், ஆவணம் இல்லாதவருக்கும் அது பொருந்தும். இந்தத் திருத்தம் ஓர் இடம் புனிதமானதா, அங்கே குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்பதில்லை. இந்த இடத்தில் வெளியார் தடையின்றி வரக்கூடுமா, அல்லது தனிமையை எதிர்பார்க்க நியாயம் உண்டா என்றுதான் கேட்கிறது. மருத்துவமனையின் வரவேற்புக் கூடமும் வாகன நிறுத்தமும் யாரும் வரத்தக்கவை. அங்கே மற்றவர்களைப் போல அதிகாரியும் வரலாம், கேள்வி கேட்கலாம், சட்டக் காரணம் இருந்தால் கைதும் செய்யலாம். நோயாளியைப் பரிசோதிக்கும் அறையும் படுக்கைப் பகுதியும் அப்படிப்பட்டவை அல்ல. பள்ளிகளில் வெளியார் அலுவலகத்தில் பதிவு செய்து அனுமதி பெற்றே உள்ளே போக வேண்டியிருப்பதால், அலுவலகத்துக்கு அப்பாலுள்ள வகுப்பறைகளும் நடைக்கூடங்களும் தனிப்பகுதிகளாகவே கொள்ளப்படும். தனிப்பகுதிக்குள் நுழைய வேண்டுமானால், உயிர் போகும் அவசரம் போன்ற நிலைகளைத் தவிர, பொறுப்பிலுள்ளவரின் சம்மதமோ நீதிபதியின் ஆணையோ வேண்டும்.

இங்கேதான் இரண்டு வகை வாரண்டுகளைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. கூட்டரசு நீதிமன்றத்தின் பெயரைத் தலைப்பில் தாங்கி, நீதிபதி ஒருவர் கையெழுத்திட்டு, தேடவேண்டிய இடத்தையோ பிடிக்கவேண்டிய ஆளையோ குறிப்பிட்டு வருவது நீதிமன்ற வாரண்ட். ஐ.சி.இ. அதிகாரிகள் பெரும்பாலும் கொண்டுவருவது இதுவன்று. ஐ-200, ஐ-205 என்ற எண்கள் கொண்ட படிவங்கள். முன்னது கைதுக்கு, பின்னது ஏற்கெனவே வெளியேற்ற ஆணை பெற்றவரைப் பிடித்து அனுப்புவதற்கு. தலைப்பில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பெயர் இருக்கும்; கையெழுத்து அதே துறை அதிகாரியுடையதாக இருக்கும். இந்த நிர்வாக வாரண்டைக் கொண்டு, பொது இடத்தில் நிற்கும் ஒருவரைக் கைது செய்யலாம். மூடிய கதவைத் திறக்கச் செய்யும் வலிமை அதற்கு இல்லை என்பதே நெடுங்காலமாக ஏற்கப்பட்ட நிலை. ஐ.சி.இ.யின் தற்காலிக இயக்குநர் டாட் லையன்ஸ் 2025 மே மாதம் எழுதிய உள் குறிப்பாணை, இறுதி வெளியேற்ற ஆணை பெற்றவரின் வீட்டுக்குள் ஐ-205 படிவத்தைக் கொண்டே வலுவில் நுழையலாம் என்று சொல்லி அந்த நிலையிலிருந்து விலகியது. 2026 ஜனவரியில் அது வெளியே தெரிந்தபோது, நான்காவது திருத்தத்துக்கு முற்றிலும் முரணானது என்று சட்ட அறிஞர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

வாரண்ட் இல்லாமலே கைது செய்யவும் சட்டம் சில நிலைகளில் இடம் தருகிறது. அந்த நபர் குடியேற்றச் சட்டத்தை மீறியிருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்து, வாரண்ட் பெறுவதற்குள் அவர் தப்பிவிடுவார் என்றும் தோன்றினால் அதிகாரி பிடித்துக்கொள்ளலாம். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே இருக்க வேண்டும். நடைமுறையில் இரண்டாவது எளிதில் மறக்கப்படுகிறது.

இடத்தைப் பெயர் சொல்லிக் காக்கும் சட்டப் பிரிவு ஒன்றும் இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1986இல் அமெரிக்கக் காங்கிரஸ், விவசாயப் பண்ணைக்குள்ளோ திறந்தவெளி வேளாண் பணியிடத்துக்குள்ளோ தொழிலாளர்களின் குடியேற்ற நிலை பற்றி விசாரிப்பதற்காக நுழையும் அதிகாரி, உரிமையாளரின் சம்மதமோ முறையான வாரண்டோ பெற்றிருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. எல்லையிலிருந்து 25 மைல் தொலைவுக்குள் ரோந்து செல்வதற்கு மட்டும் விலக்கு உண்டு. திறந்த வயல்வெளிக்கு நான்காவது திருத்தம் பொருந்தாது என்று அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அறுவடைக் காலத்தில் ஆட்களை இழக்க விரும்பாத பண்ணை முதலாளிகளின் செல்வாக்கு அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. தக்காளித் தோட்டத்துக்குக் கிடைத்த சட்டக் காப்பு ஆரம்பப் பள்ளிக்கு இன்றளவும் கிடைக்கவில்லை. பள்ளி, மருத்துவமனை முதலியவற்றுக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று காங்கிரசில் மீண்டும் மீண்டும் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டும் எதுவும் நிறைவேறவில்லை.

எல்லையை அதிகாரி மீறிவிட்டால் என்ன ஆகும்? குற்ற வழக்கில், சட்டவிரோதமாகத் திரட்டிய சான்றை நீதிமன்றம் ஒதுக்கிவிடும். வெளியேற்ற விசாரணையில் அந்த விதி பொதுவாகப் பொருந்தாது என்று 1984ஆம் ஆண்டின் லோபஸ்-மென்டோசா வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் கூறியது. மிகக் கொடிய மீறல்களுக்கு மட்டும் வாசல் சற்றே திறந்திருக்கிறது. அதிகாரி மீது நேரடியாக இழப்பீட்டு வழக்குப் போடும் வழியையும், எல்லைக் காவலர் ஒருவர் தொடர்புடைய 2022ஆம் ஆண்டின் எக்பர்ட் வழக்குத் தீர்ப்பு பெரும்பாலும் அடைத்துவிட்டது. ஆகவே தாளில் இருக்கும் உரிமை, மீறப்பட்ட பிறகு அதிகம் உதவாது. மீறல் நிகழ்வதற்கு முன்பு, கதவருகில் நிற்பவர் சம்மதம் தருகிறாரா மறுக்கிறாரா என்பதில்தான் அதன் பயன் பெரிதும் அடங்கியிருக்கிறது. வரவேற்பு மேசையில் இருக்கும் ஊழியர் ஒன்றும் புரியாமல் 'உள்ளே வாருங்கள்' என்று சொல்லிவிட்டால், அதுவே சம்மதமாக வாதிடப்படலாம்.

பள்ளியும் மருத்துவமனையும்

ஆவணமற்ற குழந்தைகளுக்கும் இலவசப் பொதுப்பள்ளிக் கல்வி தரவேண்டும் என்பது பிளைலர் வழக்கில் 1982இல் வந்த தீர்ப்பு. டெக்சாஸின் டைலர் நகரப் பள்ளிகள் அத்தகைய குழந்தைகளிடம் ஆண்டுக்கு 1000 டாலர் கட்டணம் கேட்டதிலிருந்து எழுந்த வழக்கு அது. பள்ளியில் சேரும் உரிமையை அந்தத் தீர்ப்பு உறுதி செய்ததே தவிர, பள்ளி வளாகத்தில் கைது கூடாது என்று எதுவும் சொல்லவில்லை. மாணவர் பதிவேடுகளைப் பெற்றோரின் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ சட்டப்படியான அழைப்பாணையோ இன்றி வெளியாருக்குத் தரக் கூடாது என்று 1974ஆம் ஆண்டின் கல்வி அந்தரங்கச் சட்டம் கூறுகிறது. மருத்துவப் பதிவேடுகளுக்கும் அதையொத்த காப்பு உண்டு. அவசரச் சிகிச்சைக்கு வருபவரை அவருடைய குடியேற்ற நிலையைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் 1986 முதல் சட்டம். இவை தகவலையும் சேவையையும் காப்பவை. ஆளைக் காப்பவை அல்ல.

மாநிலங்கள் சேர்க்கும் காப்பு வேறு வகையைச் சேர்ந்தது. கூட்டரசு தன் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு மாநில அலுவலர்களை ஏவ முடியாது என்று 1997ஆம் ஆண்டின் பிரின்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், ஒத்துழைக்காமல் இருக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. குறுக்கே நின்று தடுக்க உரிமை இல்லை. 2025 செப்டம்பரில் கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட சட்டங்கள் இந்தக் கோட்டைக் கவனமாகப் பின்பற்றுகின்றன. நீதிமன்ற ஆணை இல்லாத அதிகாரியைப் பள்ளியின், மருத்துவமனையின் தனிப்பகுதிக்குள் அனுமதிக்கக் கூடாது என்று அவை கட்டளையிடுவது பள்ளிக்கும் மருத்துவமனைக்கும்தான். கூட்டரசு அதிகாரிக்கு அன்று. எதிர்த்திசையில் செல்லும் மாநிலங்களும் உண்டு: ஃபுளோரிடாவில் அரசு மருத்துவக் காப்பீட்டை ஏற்கும் மருத்துவமனைகள், நோயாளியிடம் அவரது குடியேற்ற நிலையைக் கேட்க வேண்டும் என்று 2023 முதல் சட்டமே இருக்கிறது. நோயாளி பதில் சொல்ல மறுக்கலாம். ஆனால் காய்ச்சலோடு வந்தவருக்கு அந்த நேரத்தில் அது தெரிந்திருக்க வேண்டுமே.

வழிபாட்டிடத்தின் தனி வாதம்

பொதுப்பகுதி, தனிப்பகுதி என்ற அளவுகோல் வழிபாட்டிடத்தில் அதிகம் கைகொடுக்காது. எல்லோருக்கும் திறந்திருப்பதே அதன் இயல்பு. அதனால் அங்கே வாதம் மதச் சுதந்திரத்தின் வழியே வருகிறது. 1993ஆம் ஆண்டின் மதச் சுதந்திர மீட்புச் சட்டத்தின்படி, ஒருவரின் மத ஒழுக்கத்தின் மேல் கணிசமான சுமையை ஏற்றும் அரசு, அதற்கு மிக வலுவான தேவை இருப்பதையும், குறைந்த சுமை தரும் வேறு வழி இல்லை என்பதையும் காட்டியாக வேண்டும். குவேக்கர் சபைகளும், ஒரு பாப்டிஸ்ட் கூட்டமைப்பும், சேக்ரமென்டோ நகரின் சீக்கியக் குருத்வாராவும் இந்தச் சட்டத்தையும் ஒன்றுகூடும் உரிமையையும் முன்வைத்துத் தொடுத்த வழக்கில், மேரிலாந்து கூட்டரசு நீதிபதி தியடோர் சுவாங் 2025 பிப்ரவரி 24 அன்று இடைக்காலத் தடை விதித்தார். அந்த அமைப்புகளின் வழிபாட்டிடங்களில் 2021ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்படியே அரசு நடக்க வேண்டும் என்றார். வழக்கில் சேராத தேவாலயம், மசூதி, இந்துக் கோயில் எதற்கும் அந்த ஆணை பொருந்தவில்லை.

ஏப்ரலில் வாஷிங்டன் நீதிபதி டாப்னி ஃப்ரெட்ரிக், இருபதுக்கும் மேற்பட்ட கிறித்தவ, யூத அமைப்புகள் கேட்ட அதே போன்ற தடையை மறுத்தார். அதுவரை வழிபாட்டிடங்களில் நடந்த நடவடிக்கைகள் மிகச் சில. இந்த வாதிகள் குறிவைக்கப்படுவார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை. வருகை குறைந்தது இந்தக் கொள்கையால்தானா, பொதுவான கெடுபிடியால் எழுந்த அச்சத்தாலா என்றும் காட்டப்படவில்லை என்பது அவருடைய முடிவு. டென்வர் நகரப் பள்ளி நிர்வாகத்தின் மனுவும் மார்ச்சில் கிட்டத்தட்ட இதே காரணத்தால் தோற்றது. அச்சமே ஒரு தீங்குதானா என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் இன்னும் ஒரே விடை தரவில்லை. வழிபாட்டுக்கு வருவோர் குறைந்ததையே தீங்காகக் கொண்ட 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பக்கமே என் மனம் சாய்கிறது.

நீதிமன்ற வளாகம்

நீதிமன்றம் இந்தப் பட்டியலில் தனித்து நிற்கிறது. 2011ஆம் ஆண்டின் வகைப்பாட்டில் அது இல்லை. 2021 ஏப்ரலில் வந்த தனி உத்தரவு அங்கே கைதுகளைக் கட்டுப்படுத்தியது, 2025 ஜனவரியில் அதுவும் நீங்கியது. வாயிலில் எல்லோரையும் ஆயுதச் சோதனை செய்தே உள்ளே விடுவதால், அங்கே கைது செய்வது அதிகாரிக்கும் மற்றவர்க்கும் பாதுகாப்பானது என்பது ஐ.சி.இ.யின் வாதம். சாட்சி சொல்லவும் கணவனின் அடிக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணை கேட்கவும் வருபவர் பயந்து வராமல் போனால் நீதி எப்படி நடக்கும் என்பது எதிர்வாதம். நீதிமன்றத்துக்கு வருபவரையும் திரும்பிச் செல்பவரையும் உரிமையியல் கைது செய்யக் கூடாது என்ற பழைய ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபைப் புதுப்பித்து, நீதிபதியின் வாரண்ட் இன்றி அத்தகைய கைது கூடாது என்று நியூயார்க் மாநிலம் 2020இல் சட்டம் செய்தது. அதை எதிர்த்துக் கூட்டரசு தொடுத்த வழக்கை 2025 நவம்பரில் கூட்டரசு நீதிபதி ஒருவரே தள்ளுபடி செய்தார்.

எல்லை மறுபக்கத்திலும் உண்டு என்பதற்கு விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகர வழக்கு சான்று. 2025 ஏப்ரல் 18 அன்று ஐ.சி.இ. குழு ஒன்று நிர்வாக வாரண்டுடன் நீதிமன்ற நடைக்கூடத்தில் காத்திருந்தது. அது பொதுப்பகுதி, அங்கே நிற்க அவர்களுக்குத் தடையில்லை. உள்ளே இருந்த நீதிபதி ஹானா டுகன், அவர்கள் தேடி வந்தவரையும் அவருடைய வழக்கறிஞரையும் பொதுமக்கள் பயன்படுத்தாத கதவு வழியாக வெளியே அனுப்பினார். ஒரு வாரத்தில் அவரே கைதானார். டிசம்பரில் நடுவர் குழு, ஆளை மறைத்தார் என்ற சிறு குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்து, அரசு நடவடிக்கையைத் தடுத்தார் என்ற பெருங்குற்றத்தில் குற்றவாளி என்றது. 2026 ஜனவரியில் அவர் பதவி விலகினார். பள்ளி அலுவலகத்திலோ மருத்துவமனை மேசையிலோ இருப்பவருக்கு இந்த வழக்கு வரையும் கோடு தெளிவானது: வாரண்டைக் காட்டச் சொல்லலாம், கையெழுத்து யாருடையது என்று பார்க்கலாம், நீதிபதியுடையதாக இல்லாவிட்டால் உள்ளே விடச் சம்மதமில்லை என்று சொல்லி நிறுவன வழக்கறிஞரை அழைக்கலாம், பொய் சொல்வதும், வழியில் நின்று மறிப்பதும், தேடப்படுபவரைப் பின்வாசல் வழியே அனுப்புவதும் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கின்றன.